தூணில் ஒட்டிய முகம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மே மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டியிருக்கும் மண்ணூர்பேட்டையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். இதை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர் என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். மூன்றாவதாக உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் கடையில் கேமரா பிடிப்பவர் முதலாளி. எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எடுத்துவரும் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்வது என் வேலை. கல்யாண ஆல்பம், மஞ்சள் நீராட்டு பேனர், பாஸ்போர்ட் சைஸ், பள்ளிக்கூட ஐ.டி. கார்டு, கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஏரியாவில் பாதிப் பேர் முகம் என் திரைக்கு வந்துதான் வெளியே போயிருக்கும். தினமும் வெள்ளானூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், வேலையில் கர்வம் அதைவிட அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் அந்தக் கர்வத்துக்கும் பங்கு உண்டு.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு என் வேலை ஏதோ பொம்மை விளையாட்டு மாதிரி தெரியும். அப்படி இல்லை. ஒரு படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கான்ட்ராஸ்ட் கூடிப்போனால் கண்ணுக்குக் கீழே குழி விழும், மூக்கு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். குறைந்துபோனால் படம் முழுக்கக் கஞ்சி ஊற்றினது மாதிரி வெளுத்துவிடும். திரையில் ஒரு சாய்வான கோடு இருக்கும். அதை நடுவில் பிடித்து மேலே தூக்கினால் முகம் வெளுக்கும், கீழே இழுத்தால் கறுக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது கைக்குப் பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது.

எங்கள் பக்கத்தில் ஒரு படம் நன்றாக வந்திருக்கிறது என்றால், ஆள் கலராக வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். ஒருமுறை முகப்பேரிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, ஆல்பத்தை என் மேஜையில் போட்டு, "என் பொண்ணு இவ்ளோ கறுப்பாவா இருக்கா? கண்ணு தெரிஞ்சுதான் வேலை பாக்கறியா?" என்று கடை அதிரக் கத்திவிட்டுப் போனார். அந்தப் பெண் அந்த நிறம்தான். என்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். ஆனாலும் நூற்றைம்பது படத்தையும் மறுபடி வெளுத்துக் கொடுத்தேன்.

அந்த எரிச்சலில் உட்கார்ந்து, வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் வரிசையாகப் பதிவுசெய்து ஒரே ஒரு பட்டனுக்குள் அடக்கினேன். கீபோர்டின் மேல்வரிசையில் இருக்கும் எஃப்-3. அதை ஒரு தட்டு தட்டினால் நிழல்கள் வெளுக்கும், கான்ட்ராஸ்ட் இறங்கும், மரு, புள்ளி, தழும்பு, சுருக்கம் எல்லாம் கரையும், முகத்தின் நிறம் இரண்டு படி ஏறும். அண்ணன் அதற்குப் 'பவுடர்' என்று பேர் வைத்தார். நான் ஒரு துண்டு ஸ்டிக்கரில் அந்தப் பேரை எழுதி பட்டன் மேலேயே ஒட்டிவிட்டேன். "எம்மா, இதுக்குப் பவுடர் போட்டியா?" என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பார். "போடாம அனுப்புவனா?" என்பேன். ஆவடியிலிருந்தெல்லாம் எங்கள் கடையைத் தேடி வந்தார்கள் என்றால், அது அண்ணனின் கேமராவுக்காக இல்லை, என் பவுடருக்காக என்று நான் நம்பினேன்.

என் கல்யாண ஆல்பத்தையும் நான்தான் செய்தேன். அதில் மாலையும் கழுத்துமாக நிற்பவளைப் பார்த்து என் மகள், "இது யாரும்மா?" என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி இருக்கும். என் வயதுப் பெண் ஒருத்தி கடைக்குள் வந்தாள். கழுத்தில் எஸ்டேட் தையல் கம்பெனியின் ஐ.டி. கார்டு தொங்கியது. ஆனால் காலில் செருப்பு இல்லை. எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. முன்பு பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்திருக்கிறாள்.

"அக்கா, எங்கப்பாவ காணோம்க்கா. நேத்து காலைல போனவரு. நோட்டீஸ் அடிக்கணும், சீக்கிரம் போட்டுக் குடுங்கக்கா."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். துண்டு துண்டாகச் சொன்னாள். அப்பா பவுண்டரியில் இரும்பு உருக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. மகளைச் சில நாள் யார் என்று கேட்பார். சில நாள் விடிந்ததும் டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். அதனால் இவளும் கணவனும் வேலைக்குப் போகும்போது வெளிக் கேட்டைப் பூட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். திங்கட்கிழமை அவசரத்தில் பூட்ட மறந்துவிட்டாள்.

"நான்தான்க்கா பூட்டாம போயிட்டேன். நான்தான்," என்று அதையே நாலைந்து தடவை சொன்னாள்.

போனில் அவள் காட்டிய படம் பொங்கலன்று வீட்டில் எடுத்தது. பெரியவர் ஜன்னலுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம், முகம் முழுக்க நிழல். நல்ல கறுப்பு நிறம். இடது கன்னத்தில் பாதி உள்ளங்கை அளவுக்கு ஒரு தீக்காயத் தழும்பு. எப்போதோ உருகிய இரும்பு தெறித்துப் பட்டது என்றாள். தோல் சுருங்கி, மற்ற இடத்தைவிடக் கறுத்து, பளபளவென்று இருந்தது.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில்தான் இருநூறு காப்பி போடப்போகிறார்கள். இந்த இருட்டுப் படத்தை அப்படியே போட்டால் முகம் வெறும் கரியாக விழும். நிழலைக் கொஞ்சம் வெளுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதுவரைக்கும் நான் நினைத்தது சரி. அந்தக் கோட்டை நடுவில் பிடித்து ஒரு நூல் அளவு தூக்கியிருந்தால் போதும். இருட்டில் இருந்த தழும்பும் தெரிந்திருக்கும், மனிதரும் தெரிந்திருப்பார்.

என் விரல் எஃப்-3-க்குப் போனது.

தெரிந்து செய்தேனா, பழக்கத்தில் செய்தேனா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். பட்டனைத் தட்டியது பழக்கம்தான். ஆனால் தட்டிய பிறகு திரையில் ஒரு முகம் வந்தது. மாநிறத்துக்கும் மேலே, சுருக்கம் போய், கன்னம் வழவழவென்று, ஏதோ பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் மாதிரி. தழும்பு இருந்த இடத்தில் லேசாக ஒரு நிழல், அவ்வளவுதான். அதைப் பார்த்து 'நல்லாத்தான் வந்திருக்கு' என்று நான் நினைத்தேன். அதைப் பழக்கத்தின் தலையில் கட்ட முடியாது.

அந்தப் படத்துக்குக் கீழே நானே டைப் செய்தேன்: 'காணவில்லை. நீலக் கட்டம் போட்ட லுங்கி, பிரவுன் சட்டை. இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு உண்டு.' தழும்பை அழித்த அதே கையால், தழும்பு உண்டு என்று எழுதினேன். இரண்டும் ஒரே காகிதத்தில் இருந்தது. அது என் கண்ணை உறுத்தவே இல்லை.

திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "அப்பா நல்லா கீறாருக்கா," என்றாள். தினமும் பார்க்கும் முகம் அல்லவா, படத்தில் இல்லாததை அவள் கண் நிரப்பிக்கொண்டிருக்கும். போலீஸ் ஸ்டேஷனுக்கும் அந்தப் படத்தைத்தான் அனுப்பினாள். நானும் ஸ்டேட்டஸில் போட்டேன். ஏதோ என்னால் ஆன உதவி என்று மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

கிளம்பும்போது சொன்னாள்: "நான் பொறந்தது பூந்தமல்லிக்கா. அப்ப அங்கேர்ந்துதான் அப்பா கம்பெனி பஸ் ஏறுவாரு. எனக்கின்னாமோ அந்தப் பக்கம்தான் போயிருப்பாருன்னு தோணுது. அங்க நெறைய ஒட்டப்போறேன்."

அவள் நினைத்தது எவ்வளவு சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயந்திரமே அவளும் கணவனும் பூந்தமல்லியில் பஸ் நிற்கும் இடங்கள், டீக்கடை, மார்க்கெட் என்று ஒட்டிவிட்டு வந்தார்கள். அப்போது அங்கே பெரியவரைக் காணவில்லை. அதனால் அடுத்த நாட்களில் ஆவடி, அம்பத்தூர் பக்கம் தேடினார்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் எங்கே நடந்தார், எங்கே படுத்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. புதன், வியாழன், வெள்ளி போய்விட்டது. நோட்டீஸில் இருந்த நம்பருக்கு ஒரு போன்கூட வரவில்லை. தினமும் தேடக் கிளம்பும் வழியில் கடை வாசலில் நின்று, "ஏதாவது தெரிஞ்சுதாக்கா? உங்க ஸ்டேட்டஸ் பாத்து யாராவது கேட்டாங்களா?" என்று கேட்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூந்தமல்லியில் சர்வீஸ் ரோடு ஓரம் ஒரு முதியவர் மயங்கிக் கிடந்திருக்கிறார். ஆம்புலன்ஸில் கொண்டுபோய் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பேர் தெரியாதவர் என்று எழுதியிருக்கிறார்கள். வெயிலில் உடம்பில் நீர் வற்றிப்போய், சனிக்கிழமை மதியம் இறந்துவிட்டார். படத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. நீலக் கட்டம் போட்ட லுங்கியை வைத்துத்தான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மகளைக் கூப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் அவரை அப்போதுதான் நேரில் பார்க்கிறேன். கறுத்த முகம், கன்னத்தில் அந்தத் தழும்பு. நோட்டீஸில் இருந்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர், இவரை யாரென்று தெரியவில்லை. அப்போதே எனக்குள் ஏதோ இடறியது. ஆனால் நின்று யோசிக்கப் பயந்து, மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக வந்துவிட்டேன். அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "நான் பூட்டியிருந்தா போயிருக்க மாட்டியேப்பா," என்று அழுதுகொண்டே இருந்தாள்.

நான்கு நாள் கழித்து பூந்தமல்லியில் ஒரு நிக்காஹ் ஆல்பத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று காலை பெரியவரின் மருமகன் கடை வாசலில் நின்று அண்ணனிடம், "அந்த நோட்டீஸையெல்லாம் கிழிக்கணும்ணா. பஸ்ல போறப்ப அவ பாத்துட்டா தாங்க மாட்டா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பூந்தமல்லியில் ஒட்டியதை நான் எடுத்துவிடுகிறேன் என்றேன். எங்கெங்கே என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு வந்தேன். கடைசியாக, சர்வீஸ் ரோட்டோரம் ஒரு டீக்கடை. முன்னால் ஷீட் போட்டு, அதைத் தாங்க ஒரு சிமெண்ட் தூண். அந்தத் தூணில் ஆள் உட்கார்ந்தால் தலைக்கு மேலே வரும் உயரத்தில் நோட்டீஸ். மைதாப் பசை வெயிலில் காய்ந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

டீக்கடைக்காரர் பாய்லரைவிட்டு எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஆளு கெடச்சிட்டாரா?"

"இல்லண்ணா. இறந்துட்டாரு."

"அடப் பாவமே. எங்க?"

"இதே சர்வீஸ் ரோட்டுலதான் விழுந்து கிடந்திருக்காரு. வெள்ளிக்கிழமை. மறுநாள் ஆஸ்பத்திரில போயிட்டாரு."

கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமயா? இந்த ரோட்லயா?" என்றவர் தூணைக் காட்டினார். "இங்க வேற ஒரு பெரியவரு குந்திகினு இருந்தாரும்மா. மூணு நாளு. நோட்டீஸ் ஒட்டினாங்க பாரு, அதுக்கு மறுநாள்லேந்து. காலைல வந்தாருன்னா இதே தூணுல சாஞ்சிகினு குந்திக்குவாரு. போறவன் வர்றவனையெல்லாம் கூப்ட்டு, கம்பெனி பஸ்ஸு போயிட்சான்னு கேட்டுகினே இருப்பாரு. நான்தான் டீயும் பன்னும் குடுப்பேன். வெள்ளிக்கிழம மத்தியானம் எழுந்து போனாரு, அப்பாலிக்கா வர்ல."

சுரண்டுவதை நிறுத்தினேன். "பாக்க எப்படி இருந்தாருண்ணா?"

"நல்லா கறுப்பும்மா. இந்தக் கன்னத்துல இம்மாம்பெருசுக்கு சுட்ட தழும்பு."

அவள் எனக்கு அனுப்பிய பொங்கல் படம் என் போனில் இருந்தது. பவுடர் போடாத படம். எடுத்து நீட்டினேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இவருதாம்மா. இவரேதான்!"

என் கையில் கிழிந்து தொங்கிய நோட்டீஸைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி நோட்டீஸைப் பார்த்தார். "நான் ஒரு தபா இந்த நோட்டீஸையும் அவரையும் மாத்தி மாத்திப் பாத்தேன்மா. ஒருவேளை இவரா இருக்குமோன்னு. இதுல கீறவரு செவப்பா, மூஞ்சி மொழுமொழுன்னு கீறாரு. இவரு வேறன்னு உட்டுட்டேன். எழுதினத படிக்கலாம்னா எனக்குப் படிக்கவும் வராது." போனைத் திருப்பி நீட்டினார். "யாரும்மா இத்த அடிச்சது? போன்ல கீற இந்தப் போட்டோவ அப்டியே போட்டிருந்தா, மொத நாளே போன் பண்ணிருப்பனே."

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "தெரியலண்ணா," என்றேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினார். அதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி, ஒரு லாரி நிழலில் நின்று வாந்தி எடுத்தேன்.

மூன்று நாள். அவர் தன் படத்துக்குக் கீழேயே மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார். படத்தில் இருந்த நம்பருக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிகூட இல்லை.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கேமரா பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "உட்டுடும்மா. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? போனவரு வரப்போறாரா? வேணும்னேவா பண்ணே?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அந்த வார்த்தைகள் தேவைப்பட்டன. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். அந்த வாரம் முழுக்க எஃப்-3 பக்கம் விரல் போகும்போதெல்லாம் சுட்டது மாதிரி இழுத்துக்கொள்வேன். பிறகு வேலை தேங்கிவிடும் என்று தட்டவும் செய்வேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவள் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மாலை போட்டு மாட்டுவதற்குப் பெரிய படம் வேண்டும் என்றாள்.

"நோட்டீஸ்ல போட்டீங்கள்லக்கா, அதே போட்டோ போட்டுக் குடுங்க. அதுலதான் அப்பா அழகா கீறாரு."

அவளே பேசிக்கொண்டிருந்தாள். தூக்கமே இல்லை, கண்ணை மூடினால் கேட்டுதான் தெரிகிறது, அன்றைக்கு ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்துப் பூட்டியிருந்தால் போதும் என்றாள். "நான்தான்க்கா அப்பாவ கொன்னுட்டேன்," என்றாள். சத்தமில்லாமல், ஏதோ விலாசம் சொல்வது மாதிரி சொன்னாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கேட்டைப் பூட்டாதது அவள் மறதி. அதற்குப் பிறகு அவர் உயிரோடு மூன்று நாள் ஓர் இடத்தில் இருந்தார். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, முழுப் பழியையும் அவளைச் சுமக்கவிட்டு, அந்தப் பவுடர் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். நான் என்ன செய்தேன் என்று காட்டினேன். டீக்கடைக்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவரிடம் தெரியாது என்று பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவள் உடனே கத்தவில்லை. "மூணு நாளா?" என்று கேட்டாள்.

"மூணு நாள்."

"அந்த நோட்டீஸுக்குக் கீழயா?"

தலையாட்டினேன்.

"டீ குட்ச்சாரா?"

"குடிச்சாரு. பன்னும் சாப்ட்டாராம்."

அப்போதுதான் உடைந்தாள். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அண்ணன் உள்ளே வந்து, என்ன நடந்தது என்று புரிந்துகொண்டு, சுவரோரமாக நின்றார். எனக்கு அவளைத் தொடத் தைரியம் வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தாள். இடதுபக்கம் இருந்த பொங்கல் படத்தில், அந்தத் தழும்பு இருந்த இடத்தில் திரையை ஒரு விரலால் தொட்டாள். "சின்னதுல இதத் தொட்டுகினுதான் தூங்குவேன்," என்றாள். அது என்னிடம் சொன்னது மாதிரி இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா மூஞ்சில இன்னா குறை இருந்துச்சி?"

நீயும்தானே பார்த்தாய், நல்லா கீறாரு என்று நீயும்தானே சொன்னாய் என்று ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பொங்கல் படத்தைப் பிரிண்டுக்கு அனுப்ப மவுஸை எடுத்தேன்.

"நீ கை வெக்காத."

அதுவரை அக்கா, நீங்க என்று பேசியவள். நான் மவுஸை விட்டேன்.

"அண்ணா, நீங்க வந்து போடுங்க," என்றாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். அண்ணன் உட்கார்ந்தார். முகம் நிழலில் இருந்ததால், "லைட்டா வெளிச்சம் மட்டும் ஏத்தட்டுமாம்மா? தழும்பெல்லாம் அப்டியே இருக்கும்," என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வாணாம். எப்டி கீறாரோ அப்டியே போடுங்க."

பிரிண்டரிலிருந்து படம் மெதுவாக வெளியே வரும்வரை அவள் அண்ணனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், திருடு போய்விடும் என்பது மாதிரி. படத்தை வாங்கி, ஈரம் காய்வதற்காகக்கூடக் காத்திருக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனாள். அதன் பிறகு எங்கள் கடைக்கு வந்ததில்லை. வேலைக்குப் போகும்போது இப்போதும் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பாள். நான் வாசலில் நின்றால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள். மன்னிப்பு கேட்கலாம் என்று இரண்டு முறை தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். நான் சொன்னதால் அவள் மனதில் அந்தக் கேட்டின் பாரம் கொஞ்சமாவது இறங்கியதா, இல்லை இன்னொரு பாரம் ஏறியதா என்பதும் எனக்குத் தெரியாது.

அந்தப் பட்டனில் இருந்ததை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஸ்டிக்கரை உரித்தேன், ஆனால் அதன் பசை போகவில்லை. தூசு படிந்து ஒரு கறுப்புத் திட்டாக அங்கேயே இருக்கிறது. இனி யாரையும் வெளுக்க மாட்டேன் என்று சபதம் எடுத்ததாகச் சொன்னால் அது பொய். என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. "கொஞ்சம் கலர் ஏத்துங்க மேடம்" என்று கேட்பவர்கள் தினமும் வருகிறார்கள், கையாலேயே ஏற்றிக் கொடுக்கிறேன். காணவில்லை என்று யாராவது வந்தால் மட்டும், படத்தை எடுத்துவந்தவரை என் பக்கத்தில் உட்காரவைத்து, தெருவில் பார்ப்பவர்கள் இந்த முகத்தை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று கேட்டுக் கேட்டுச் செய்கிறேன். என் கல்யாண ஆல்பத்தை அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவரின் முகம் என் திரையில் விரிகிறது, அந்தச் சாய்வுக் கோட்டை நடுவில் பிடிக்கிறேன், மேலே தூக்குவதற்கு முன் 'இந்த மூஞ்சில இன்னா குறை இருந்துச்சி?' என்று அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள்.